சிகாகோ கொடில நட்சத்திரத்துக்கு எத்தனை முனை?

எங்க வீட்டு ப்ரிட்ஜ் கதவுல ஒரு மேக்னெட் இருக்கு. ஆபீஸ் வேலையா சிகாகோல ஒன்றரை வருஷம் இருந்துட்டு திரும்பி வர்றப்ப, கைல மிச்சம் இருந்த டாலர் சில்லறைய காலி பண்ணணுமேன்னு ஏர்போர்ட்ல கடைசி நிமிஷத்துல வாங்கினது. வெள்ளைல ரெண்டு நீலப் பட்டை, நடுவுல வரிசையா நாலு சிவப்பு நட்சத்திரம். அதான் அந்த ஊர் கொடி. வந்து மூணு மாசம் கழிச்சு ஒருநாள் ராத்திரி தண்ணி எடுக்கப் போனப்பதான் கவனிச்சேன், நாலு நட்சத்திரத்துக்குமே அஞ்சு முனை போட்டு வெச்சிருக்கான். தூக்கமே போச்சு. காலைல அம்மாகிட்ட, "இது தப்பும்மா, ஆறு முனை இருக்கணும்"னேன். அம்மா தோசைய திருப்பிக்கிட்டே, "நட்சத்திரம்னா அஞ்சு முனைதானடா, இதுக்கா காலங்காத்தால மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க"ன்னு கேட்டாங்க.

அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கைய எடுக்காம ஒரே இழுப்புல போடுற நட்சத்திரம் அதான். ஆனா இந்த ஒரு கொடிக்கு மட்டும் அந்த அஞ்சு முனை வேணவே வேணாம்னு ஒரு மனுஷன் உக்காந்து யோசிச்சு, காரணம் சொல்லி, நகராட்சி சட்டத்துலயே ஏத்திட்டு போயிருக்கார். அந்த கதைய படிச்சதுக்கு அப்புறம் தப்பான மேக்னெட்ட பாத்தா கை அரிக்கத்தான் செய்யும்.

போன புதுசுல எனக்கு அது ஊர் கொடின்னே தெரியாது. முடி வெட்டப் போன இடத்துல அந்த தம்பி முன்கைல நாலு சிவப்பு நட்சத்திரம் பச்சை குத்தியிருந்தார், மிலிட்டரில இருந்திருப்பார் போலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அப்புறம் பாத்தா காபி கப்புல, சைக்கிள் ஹெல்மெட்ல, குல்லால, நாய் கழுத்துப்பட்டைல, பீர் கேன்ல, எங்க திரும்புனாலும் அதே நாலு. ஆத்துமேல இருக்கிற பாலத்துல எல்லாம் வரிசையா பறக்குது, அந்த ஊர் காத்துக்கு சும்மா படபடன்னு அடிக்கும். பணில இறந்துபோன போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் சவப்பெட்டி மேலயும் அதத்தான் போர்த்துறாங்க. ஒருநாள் பக்கத்து சீட்டுல இருந்தவர்கிட்ட இது எந்த கம்பெனி லோகோன்னு கேட்டுட்டேன், அவர் என்னை பாத்த பார்வைய இன்னும் மறக்கல.

எனக்கு அது ஏன் புதுசா இருந்துச்சுன்னா, நமக்கு கொடின்னா ஒண்ணு தேசியக் கொடி, இல்ல கட்சிக் கொடி, இல்ல கோயில் கொடியேத்தம். மாநகராட்சின்னு சொன்னா வீட்டு வரி ரசீதும் குப்பை வண்டியும்தான் ஞாபகம் வரும், அத போய் யாராவது கைல பச்சை குத்திப்பாங்களா? ஆனா இந்த விஷயத்துல நாம ஒரு காலத்துல சும்மா இருந்த ஆளுங்க இல்ல. சோழனுக்கு புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில். அவ்ளோதான். ஒரு எழுத்து கிடையாது, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் பள்ளிக்கூடப் பையன் டக்குனு சொல்றான். நல்ல கொடிக்கு இதவிட என்ன வேணும்?

சரி சிகாகோவுக்கு வருவோம். 1915ல அப்போதைய மேயர் வில்லியம் ஹேல் தாம்சன், ஊருக்கு ஒரு கொடி வேணும்னு ஒரு கமிஷன் போட்டார். இந்த தாம்சன் லேசுப்பட்ட ஆள் இல்ல, 'பிக் பில்'னு பேரு, பின்னாடி கள்ளச்சாராய தாதா அல் கபோன் கும்பலோட சேத்து பேசப்பட்டவர், 1931ல அவர் தோத்துப் போனதுக்கு அப்புறம் அந்த ஊர்ல ரிபப்ளிகன் கட்சிக்காரங்க யாரும் மேயர் ஆகவே இல்லைன்னா பாத்துக்கோங்க. கமிஷன் என்ன பண்ணுச்சுன்னா, பொதுமக்களுக்கு ஒரு போட்டி வைக்கலாம்னு முடிவு பண்ணி, அதுக்கு ரூல்ஸ் எழுதித் தர சொல்லி வாலஸ் ரைஸ்னு ஒருத்தர பிடிச்சுது. ரைஸ் ஓவியர் இல்ல, கவிஞர், அங்கங்க போய் சொற்பொழிவு ஆத்துறவர். அவரும் ரூல்ஸ் எழுதிக் கொடுத்தார். ஆயிரத்துக்கு மேல டிசைன் வந்து குவிஞ்சுது. கடைசில எது ஜெயிச்சதுன்னு நினைக்கிறீங்க? ரைஸே வரைஞ்சது!

ஆமா, கேள்வித்தாள் செட் பண்ணின வாத்தியாரே பரீட்சை எழுதி பர்ஸ்ட் வந்த கதைதான். இன்னைக்கு இது நடந்திருந்தா ட்விட்டர்ல கிழிச்சு தொங்க விட்டிருப்பாங்க. 1917 ஏப்ரல் 4ம் தேதி நகரசபை அத அதிகாரபூர்வமா ஏத்துக்குச்சு, ரெண்டு நாள் கழிச்சு 6ம் தேதி அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்கிடுச்சு. நானும் முதல்ல இத படிச்சப்ப "அட போங்கய்யா"ன்னுதான் நெனச்சேன். அப்புறம் மில்வாக்கி கொடிய பாத்தேன், ரைஸ் மேல இருந்த கோவம் அப்படியே போயிடுச்சு. அந்த கதைய கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

முதல்ல பட்டைங்க. வெள்ளைப் பட்டை மூணு, அது ஊரோட மூணு பக்கம், மேல இருக்கிறது வடக்கு, நடுவுல மேற்கு, கீழ தெற்கு. கிழக்கு எங்கன்னு கேட்டா, கிழக்குல மிச்சிகன் ஏரி, தண்ணிதான். ரெண்டு நீலமும் அந்த தண்ணிதான். மேல் நீலம் ஏரியும் சிகாகோ ஆத்தோட வடக்கு கிளையும், கீழ் நீலம் ஆத்தோட தெற்கு கிளையும் அதோட போய் சேர்ற பெரிய கால்வாயும். ஒவ்வொரு நீலமும் கொடி உயரத்துல ஆறுல ஒரு பங்கு. அதாவது மேப்ப எடுத்து மடிச்சு கொடியாக்கிட்டார் மனுஷன்.

அந்த கால்வாய்னு சாதாரணமா சொல்லிட்டேன், அதுல ஒரு பெரிய கூத்து இருக்கு. சிகாகோ ஆறு இயற்கையா ஏரிக்குள்ளதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஊர் சாக்கடை, கசாப்புக் கழிவு எல்லாம் ஆத்துல, ஆறு ஏரில, குடிக்கிற தண்ணி அதே ஏரில இருந்து. எப்படி இருந்திருக்கும்? அதனால 28 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய வெட்டி, 1900 ஜனவரில திறந்துவிட்டு, ஆத்தையே எதிர்ப்பக்கம் ஓட வெச்சுட்டாங்க. ஏரிக்குள்ள போன ஆறு இப்ப ஏரில இருந்து வெளிய ஓடுது, கடைசில மிசிசிப்பில போய் கலக்குது. கீழ்ப்பக்கம் இருக்கிற செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரங்க "உங்க சாக்கடைய எங்களுக்கு அனுப்புறீங்களா"ன்னு கொதிச்சுப் போக, மிசௌரி மாநிலம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் கேஸ் போட்டு 1906ல தோத்தும் போச்சு. காவிரி வழக்கு பாத்து வளந்த நமக்கு இது புதுசா என்ன, ஆனா நாம தண்ணி வரலன்னு கேஸ் போடுவோம், அவங்க தண்ணி வருதுன்னு கேஸ் போட்டிருக்காங்க. அந்த கீழ் நீலப் பட்டைய பாக்குறப்பெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இப்ப நட்சத்திரம். ரைஸோட லாஜிக் என்னன்னா, அமெரிக்க தேசியக் கொடில ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அஞ்சு முனை நட்சத்திரம் இருக்கு, அஞ்சு முனைன்னா அது இறையாண்மை இருக்கிற அரசுக்கு உண்டானது, ஒரு நகரத்துக்கு அது பொருந்தாது. அதனால ஆறு. சாதாரணமா ஆறு முனைன்னா ரெண்டு முக்கோணத்த மேல கீழ போட்டா வருமே, யூதர்களோட தாவீது நட்சத்திரம், நம்ம ஆளுங்க பாத்தா முருகன் சட்கோணம்னு சொல்வாங்க, அதுல ஒவ்வொரு முனையும் 60 டிகிரி இருக்கும். ரைஸ் அத 30 டிகிரியா ஒடுக்கி ஊசி மாதிரி ஆக்கிட்டார். அவருக்குத் தெரிஞ்சு வேற எந்தக் கொடிலயும் அப்படி ஒரு நட்சத்திரம் இல்லையாம். ஒரு தடவ அந்த வித்தியாசம் கண்ணுல பட்டுடுச்சுன்னா அப்புறம் எங்க சிவப்பா ஒரு ஊசி முனை தெரிஞ்சாலும் சிகாகோன்னுதான் தோணும்.

1917ல கொடி ஏறினப்ப இருந்தது ரெண்டே ரெண்டு நட்சத்திரம். ஒண்ணு 1871 தீவிபத்து, இன்னொண்ணு 1893 உலகக் கண்காட்சி.

தீவிபத்த கொடில போடுறதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும்ங்க. அக்டோபர் 8ம் தேதி ராத்திரி ஆரம்பிச்சு 10ம் தேதி வரைக்கும் எரிஞ்சுது, மரத்தால கட்டின ஊரு, மழை இல்லாத வருஷம், காத்து வேற. சுமார் 300 பேர் செத்தாங்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வீடு இல்லாம நின்னாங்க, 17,000 கட்டடத்துக்கு மேல சாம்பல். ஓ'லியரின்னு ஒரு அம்மா வீட்டு மாட்டுக் கொட்டாய்க்கிட்ட ஆரம்பிச்சதால, மாடு விளக்க எட்டி உதைச்சதுதான் காரணம்னு ஒரு கதை கிளம்பி, பாவம் அந்த அம்மா சாகுற வரைக்கும் அந்தப் பழியோடயே வாழ்ந்திருக்காங்க. 1997ல நகரசபை கூடி, அந்த அம்மாவும் மாடும் நிரபராதின்னு தீர்மானம் போட்டுச்சு. 126 வருஷம் கழிச்சு மாட்டுக்கு விடுதலை! சிரிச்சாலும், நம்ம ஊர்ல நடந்த எந்த விபத்தையாவது நாம ஒரு பெருமையான இடத்துல இப்படி எழுதி வெச்சிருக்கோமான்னு யோசிச்சா கொஞ்சம் சிரிப்பு நின்னுடுது.

1893 நட்சத்திரம் நமக்கு வேண்டப்பட்டது. எரிஞ்ச ஊரு 22 வருஷத்துல எந்திரிச்சு நின்னு உலகத்தையே கூப்பிட்டு விருந்து வெச்சது அது. 2 கோடியே 70 லட்சம் பேர் வந்தாங்கன்னு கணக்கு, உலகத்தோட முதல் பெர்ரிஸ் வீல், அதாவது நம்ம பொருட்காட்சி ராட்டினத்துக்கு மூதாதை, 264 அடி உயரத்துல அங்கதான் சுத்துச்சு. அந்த கண்காட்சியோட சேந்து நடந்த சர்வமத மாநாட்டுலதான் செப்டம்பர் 11ம் தேதி விவேகானந்தர் பேசினார். சென்னைல அளசிங்கப் பெருமாள் வீடு வீடா போய் காசு சேத்தது, ராமநாதபுரம் சேதுபதி ஊக்கம் கொடுத்தது எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதை. அவர் பேசின கட்டடம் இன்னைக்கு ஆர்ட் இன்ஸ்டிடியூட், வாசல்ல ரெண்டு சிங்கம் நிக்கும். என் தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல சிகாகோன்னா விவேகானந்தர், விவேகானந்தர்னா சிகாகோ, அந்த ஊர் கொடில அந்த வருஷத்துக்குன்னு ஒரு நட்சத்திரம் இருக்குன்னு தெரிஞ்சப்ப தாத்தா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பார்னு தோணுச்சு.

மூணாவது நட்சத்திரம் 1933ல சேந்தது. ஊரா பதிவாகி நூறு வருஷம்னு மறுபடி ஒரு கண்காட்சி, 'நூற்றாண்டு முன்னேற்றம்'னு பேரு. பொருளாதாரப் பெரு மந்தம், ஏகப்பட்ட பேருக்கு வேலை இல்ல, அந்த நேரத்துல பொருட்காட்சி போடுறாங்க, அதுவும் அடுத்த வருஷமும் நீட்டிச்சு நஷ்டம் இல்லாம முடிச்சிருக்காங்க. தொடக்க விழா பண்ணினதுதான் அட்டகாசம். ஸ்வாதி நட்சத்திரம் இருக்கு இல்ல, அவங்க ஆர்க்டூரஸ்ன்னு சொல்வாங்க, அதோட வெளிச்சம் பூமிக்கு வர 40 வருஷம் ஆகும்னு அப்ப கணக்கு. அப்போ 1893 கண்காட்சி நடந்தப்ப அங்க இருந்து கிளம்பின வெளிச்சம் 1933ல இங்க வந்து சேரும்! அத டெலஸ்கோப்புல பிடிச்சு, போட்டோசெல் வழியா கரண்ட்டாக்கி, அத வெச்சு கண்காட்சி விளக்க எரிய விட்டாங்க. மெய்யான நட்சத்திரம் ஒண்ணு வந்து குத்துவிளக்கு ஏத்தி வெச்ச மாதிரி. கணக்கு கொஞ்சம் பிசகு, இப்ப சுமார் 37 ஒளியாண்டுன்னு சொல்றாங்க, போகட்டும், அந்த ஐடியாவுக்காகவே மன்னிச்சு விட்டுடலாம்.

நாலாவது 1939ல. ஆனா கொடில அது நாலாவதா இல்ல, கம்பத்துக்கு பக்கத்துல முதல் இடத்துல நிக்குது, ஏன்னா அது டியர்பார்ன் கோட்டைக்கு. 1803ல ராணுவம் கட்டின கோட்டை, ஊர் அங்க இருந்துதான் ஆரம்பம்னு ஒரு கணக்கு. வரிசை காலப்படி, சேந்தது கடைசில. கோட்டை இப்ப இல்ல, மிச்சிகன் அவென்யூ பாலத்துக்கு தெற்குப் பக்கம் நடைபாதைல பித்தளைப் பட்டை பதிச்சு, இங்கதான் சுவர் இருந்துச்சுன்னு காட்டியிருக்காங்க. ஆறு மாசம் தினமும் அத மிதிச்சுக்கிட்டுதான் ஆபீஸ் போயிருக்கேன், ஒருநாள் கூட குனிஞ்சு பாக்கல.

இந்த நட்சத்திரம்தான் எனக்கு கொஞ்சம் உறுத்துது. 1812 ஆகஸ்ட் 15ல கோட்டைய காலி பண்ணிட்டு போனவங்கள பொட்டவாட்டமிங்கிற பூர்வகுடி மக்கள் தாக்கினாங்க, கோட்டைய எரிச்சாங்க, ரொம்ப காலம் அத 'படுகொலை'ன்னே எழுதி வெச்சிருந்தாங்க. அந்த மண்ணு அவங்களோடது, 1833ல ஒப்பந்தம்னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கி அவங்கள மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க. கொடில அவங்களுக்கு எதுவும் கிடையாது. அதே மாதிரி கோட்டைக்கு முன்னாடியே, 1780கள்ல, அங்க வீடு கட்டி வியாபாரம் பண்ணின கறுப்பினத்தவர் டு சாபிள், அவருக்கும் நட்சத்திரம் இல்ல. 2021லதான் ஏரிக்கரை ரோட்டுக்கு அவர் பேர வெச்சாங்க.

இன்னொரு கூத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தோட ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியா அர்த்தம் இருக்கு. நாலு ஆறு இருபத்தி நாலு. கோட்டை நட்சத்திரத்துக்கு போக்குவரத்து, உழைப்பு, வணிகம், நிதி, மக்கள் பெருக்கம், ஆரோக்கியம். தீவிபத்துக்கு மதம், கல்வி, கலையுணர்வு, நீதி, ஈகை, ஊர்ப்பற்று. 1893க்கு அந்த இடத்த ஆண்டவங்க பட்டியல், பிரான்ஸ், பிரிட்டன், வர்ஜீனியா, நார்த்வெஸ்ட் பிரதேசம், இண்டியானா பிரதேசம், கடைசில சிகாகோ இப்ப இருக்கிற மாநிலம் இல்லினாய். ஆண்டவங்க பேரு இருக்கு, இருந்தவங்க பேரு இல்ல. 1933 நட்சத்திரத்துல ஒரு முனைக்கு 'உலகத்தோட மூணாவது பெரிய நகரம்'னு அர்த்தம், இன்னைக்கு அமெரிக்காவுலயே அதான் மூணாவது, ஆனா முனைய யாரும் கழட்டல.

உண்மைய சொன்னா இந்த இருபத்தி நாலும் ஓவர். கமிட்டி மீட்டிங்ல கையத் தட்ட வைக்க எழுதினதுன்னு தெரியுது. அந்த முடி வெட்டுற தம்பிகிட்ட பின்னாடி ஒருநாள் கேட்டேன், நாலு நட்சத்திரத்துல அவருக்கு தீவிபத்து ஒண்ணுதான் தெரிஞ்சுது, மத்தது "ஏதோ ஹிஸ்டரி". கைல நிரந்தரமா குத்தியிருக்கார்! அர்த்தம் தெரியாம தேவாரம் பாடுற மாதிரிதான், பிடிச்சுப் போச்சு, அவ்ளோதான். அர்த்தத்த தூக்கி தூரப் போட்டாலும் அந்தக் கொடி நிக்கும், அதான் ரைஸோட கெட்டிக்காரத்தனம்.

இப்ப மில்வாக்கி. சிகாகோல இருந்து வடக்க 90 மைல், அதே ஏரி, அதே குளிர். அவங்களும் போட்டி வெச்சாங்க, வந்தது எதுவும் முழுசா பிடிக்கல, அதனால பல டிசைன்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஒரே கொடில சேத்துட்டாங்க, 1954ல. பல்சக்கரம் இருக்கு, கப்பல் இருக்கு, ஸ்டேடியம் இருக்கு, பார்லி கதிர் இருக்கு, ஊர் பேரு இருக்கு, 1846னு வருஷம் இருக்கு. யாரையும் விட்டுடக் கூடாதுன்னு கல்யாணப் பத்திரிகைல மாமா, சித்தப்பா, ஒண்ணுவிட்ட பெரியப்பா பேரு வரைக்கும் போடுவாங்களே, அதே மாதிரி. 2016ல ஊர் மக்களே சேந்து, ஏரி மேல சூரியன் எழும்புற மாதிரி வேற ஒரு கொடிய தேர்ந்தெடுத்தாங்க, பழசு அவ்ளோ படுத்தியிருக்கு. இத பாத்ததுக்கு அப்புறம்தான், ஆயிரம் டிசைன ஓரமா வெச்சுட்டு ரூல்ஸ் எழுதின ஆளே ஜெயிச்சது பரவால்லன்னு ஆச்சு. அநியாயம்தான். ஆனா ஒரே கை வரைஞ்சது.

கொடிகள ஆராயுறதுக்குன்னே வெக்ஸிலாலஜின்னு ஒரு துறை இருக்கு, வட அமெரிக்காவுல அதுக்கு ஒரு சங்கமும் இருக்கு. அவங்க 2004ல 150 அமெரிக்க நகரக் கொடிங்களுக்கு மார்க் போட்டப்ப வாஷிங்டனுக்கு முதல் இடம், சிகாகோவுக்கு ரெண்டாவது. கடைசி இடம் ஐடஹோ மாநிலத்து போகடெல்லோ, அந்தக் கொடில வர்த்தக முத்திரை குறி வேற போட்டு வெச்சிருந்தாங்க பாவிங்க. அசிங்கம் தாங்காம 2017ல மாத்திட்டாங்க.

அஞ்சாவது நட்சத்திரம்னு ஒரு பேச்சு அந்த ஊர்ல அப்பப்ப கிளம்பும். 2016 ஒலிம்பிக்ஸ் கெடைச்சா அதுக்கு ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2009 அக்டோபர்ல கோபன்ஹேகன்ல ஓட்டெடுப்பு, ஒபாமாவே நேர்ல போய் கேட்டும் முதல் சுத்துலயே அவுட், ரியோவுக்கு போயிடுச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968ல அங்க சோல்ஜர் பீல்டுலதான் ஆரம்பிச்சுது, அதுக்கு ஒண்ணு கொடுங்கன்னும் கேட்டாங்க. என்னைக் கேட்டா 1942 டிசம்பர் 2, சிகாகோ யுனிவர்சிட்டி மைதான கேலரிக்கு அடியில என்ரிகோ பெர்மி குழு முதல் அணு தொடர்வினைய நடத்திக் காட்டினாங்களே, ஊரையே மாத்தின நாளு இல்ல அது, உலகத்தையே மாத்தின நாளு. ஆனா அதுக்கு நட்சத்திரம் வெச்சா அது பெருமையா, எச்சரிக்கையான்னு குழப்பம் வரும். 1939க்கு அப்புறம் ஒண்ணு கூட ஏறல.

அழகுக்காகவும் ஏறாம இருக்கிறதே நல்லதுன்னு நெனச்சேன், நாலுன்னா நடுன்னு ஒண்ணு இல்ல, யாரும் யாருக்கும் மேல இல்ல. அப்புறம் பேப்பர்ல போட்டுப் பாத்தா ஒரு விஷயம் புரிஞ்சுது. அஞ்சாவது கடைசில சேந்தா, வரிசை கோட்டை, தீ, 1893, 1933, புதுசு. நட்டநடுவுல வர்றது 1893! விவேகானந்தர் வருஷம். ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னேன், தாத்தா இருந்திருந்தா அஞ்சாவதுக்கு பெட்டிஷனே போட்டிருப்பார்மான்னு. அம்மா ப்ரிட்ஜ் கதவ ஒரு பார்வை பாத்துட்டு, "முதல்ல அந்த நாலையே ஒழுங்கா பாத்து வாங்கிட்டு வரத் தெரியல உனக்கு"ன்னுட்டு மாவு சட்டிய எடுத்துக்கிட்டு போயிட்டாங்க.